யாருடைய வயிற்றை ஆராய்ந்தார்கள்?

1920களின் தொடக்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இளம் வயதிலேயே இறந்துபோனார். நோய் மலக்குடல் புற்று. அது புற்று என்று தெரியவருவதற்கு முன் சீதபேதி என்று நினைத்துத்தான் வைத்தியம் நடந்தது. முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவ்வூர் மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவரின் வீட்டிலேயே நோயின் பெயர் தவறிப்போயிற்று. 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்ததற்கு இந்த மரணமே வித்து என்று எல்லோரும் எழுதுகிறார்கள். தொண்டின் கதையாக அது சொல்லப்படும்போது, நடந்த தவறு என்ன வகையானது என்பதை யாரும் நின்று பார்ப்பதில்லை. சீதபேதி என்று சொன்னவர்கள் முட்டாள்கள் அல்லர். அன்றைய சென்னை மாகாணத்தில் ஓர் இளம்பெண்ணுக்கு மலத்தில் ரத்தமும் சளியும் போனால் பெரும்பாலும் அது சீதபேதியாகத்தான் இருந்திருக்கும். புற்று முதியவர்களின் நோய் என்று பாடநூல்கள் சொல்லின. அந்த நூல்கள் எழுதப்பட்டதோ வேறு நாட்டில், வேறு நோயாளிகளைப் பார்த்து. இந்தியாவில் மலக்குடல் புற்று நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களையும் கணிசமாகத் தாக்குகிறது என்பது இங்குள்ள மருத்துவமனைகள் தம் நோயாளிகளை எண்ணத் தொடங்கிய பிறகுதான் தெளிவாயிற்று.

வயிறு மிகக் குறைந்த சொற்களில் பேசும் உறுப்பு. வலி, வாந்தி, பேதி, மலச்சிக்கல், ரத்தம், மஞ்சள் காமாலை, எடை குறைதல் என ஏழெட்டு அறிகுறிகளுக்குள் நூற்றுக்கணக்கான நோய்கள் ஒளிந்துகொள்கின்றன. ஆகவே இங்கே நோயறிதல் என்பது எப்போதும் ஒரு பந்தயக் கணக்கு: இந்த ஊரில், இந்த வயதில், இந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு எது வந்திருக்க வாய்ப்பு அதிகம்? இந்தக் கணக்கில் ஊர் மாறினால் விடை மாறும். பரிசோதனைக் கருவி மாறாவிட்டாலும் அது தரும் விடையின் பொருள் மாறும். செரிமான மண்டல நோய்களைப் பொறுத்தவரை எங்கோ நிரூபிக்கப்பட்ட பரிசோதனையும் மருந்தும் இங்கே அப்படியே செல்லுபடியாகும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அவற்றை இங்குள்ள நோயாளிகளிடம் மறுபடி சோதித்தே ஆக வேண்டும். அந்தச் சோதனை புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களிலும் நடக்க வேண்டும். இதுவே என் கட்சி. இதற்கான சான்றுகளில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது.

எளிய எடுத்துக்காட்டு ஒன்று. 1980களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வயிற்றுப் புண்ணுக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா காரணம் என்று காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசும் பெற்றார்கள். அதுவரை காரமும் கவலையும் பட்டினியும் சுமந்த பழி பெரும்பாலும் நீங்கியது. தென்னிந்தியர்களுக்கு அல்சர் ஏன் அதிகம் என்று 1960களில் ரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டு ஆராய்ந்த எஸ். எல். மல்ஹோத்ரா, மெல்லாமல் விழுங்கும் அரிசிச் சோற்றின் மேல் சந்தேகப்பட்டிருந்தார். அந்த விவாதமும் ஓய்ந்தது. ஆனால் கிருமியைக் கண்டறியும் சோதனை எல்லா ஊருக்கும் பொது அல்ல. கிருமி தொற்றுவது அபூர்வமான ஒரு நாட்டில், ஒருவர் ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் இருந்தால் அது ஒரு துப்பு. வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிறு வயதிலேயே இந்தக் கிருமியை ஏற்றுக்கொண்டுவிட்ட நம் ஊரில் அதே விடை எதையும் சொல்வதில்லை. வயிற்று வலியோடு வருபவருக்கும் பாசிடிவ், அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கும் பாசிடிவ். இன்றும் சில ஆய்வுக்கூடங்கள் இந்த ரத்தப் பரிசோதனையைத் தொகுப்பில் சேர்த்து விற்கின்றன. மருந்திலும் இதே கதைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் தலைமையில் சென்னை, ஹைதராபாத், லக்னோ முதலிய ஊர்களில் கிருமியைச் சேகரித்துச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட கிருமிகள் மெட்ரோனிடசோலுக்கு அடங்கவில்லை. கிளாரித்ரோமைசினுக்கும் பத்தில் நான்குக்கு மேல் அடங்கவில்லை. ஐரோப்பிய நெறிமுறையைப் பார்த்து அந்த இரண்டையும் சேர்த்து எழுதும் சீட்டு இங்கே பல பேருக்குக் காசை மட்டுமே கரைக்கும்.

இதைவிட ஆழமான பாடம் வேலூரிலிருந்து வந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் 1960களில் ஸ்ப்ரூ என்ற நோயை ஆராய்ந்தார்கள். வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கொள்ளைநோய்போலப் பரவிய அது, மாதக்கணக்கில் பேதியாகி ஆளை எலும்பும் தோலுமாக்கும். நோயாளியின் சிறுகுடலிலிருந்து அரிசி மணியளவு திசுத்துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் குடலுறிஞ்சிகள் குட்டையாகியிருக்கும். அது நோயின் அடையாளம் என்று மேல்நாட்டுப் பாடம். அவர்கள் செய்த நல்ல காரியம், நோயில்லாத கிராமத்தாரின் குடலையும் எடுத்துப் பார்த்தது. அங்கும் உறிஞ்சிகள் விரல்போல நீண்டிருக்கவில்லை. இலைபோல அகன்று, குட்டையாக இருந்தன. ஆரோக்கியமாக வயலுக்குப் போய்வருபவரின் குடல், லண்டன் அளவுகோலில் நோய்க்குடல்! அசுத்தமான நீரும் ஓயாத தொற்றும் பிறந்ததிலிருந்தே குடலைச் சற்று மாற்றி வைத்திருக்கின்றன என்பது பின்னர் உலகெங்கும் ஏற்கப்பட்ட கருத்து. நோயாளியை மட்டும் பார்த்திருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது. எது இயல்பு என்பதைக்கூட உள்ளூரில்தான் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று குடல் மருத்துவரைத் தூங்கவிடாத கேள்வி குடல் காசநோயா, குடலில் தீராத அழற்சியாகிய குரோன் நோயா என்பது. இரண்டும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தைப் பிடிப்பவை. இரண்டிலும் வலது அடிவயிற்று வலி, காய்ச்சல், இளைப்பு, ரத்தசோகை. இரண்டிலும் குடல் சுருங்கி அடைப்பு வரும். குழாய்க் கேமரா செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் இரண்டிலும் புண்கள் தெரியும். நுண்ணோக்கியில் இரண்டிலும் கிரானுலோமா என்னும் செல்முடிச்சு தெரியலாம். சிகிச்சையோ எதிரெதிர்த் திசை. காசநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து. குரோனுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டும் அதைவிடக் கடுமையான மருந்துகளும். காசநோயாளிக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் உடலெங்கும் பரவக்கூடும். குரோன் நோயாளிக்குக் காச மருந்து கொடுத்தால் ஈரல் பாதிக்கும் அபாயத்தோடு பல மாதங்களும் வீணாகும். அதற்குள் குடல் சுருங்கிவிடும். காசநோய் அருகிவிட்ட நாட்டு மருத்துவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஆகவே இதற்கு விடை தேடும் வேலை ஆசிய மருத்துவர்கள் தலையில் விழுந்தது. வேலூர் நோய்க்குறியியலாளர் அன்னா புலிமூட் குழுவினர் இரு நோய்களின் திசுத்துணுக்குகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். காசநோயில் முடிச்சுகள் பெரியவை, பல, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டவை, நடுவே அழுகல் காணக்கூடியவை. குரோனில் சிறியவை, தனித்தவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஒரே இடத்தில் எடுக்காமல் குடலின் பல பகுதிகளிலும் எடுத்தால்தான் வேறுபாடு தெளியும் என்பதும் இதில் கிடைத்த நடைமுறைப் பாடம்.

அப்படியும் பிடிபடாதவர்கள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காச மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்ப்பது இங்குள்ள வழக்கம். வலி குறைந்துவிட்டது, பசி எடுக்கிறது என்று நோயாளி சொல்வதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. குரோன் நோயாளிகள் சிலரும் அப்படிச் சொல்வார்கள். மறுபடி கொலனோஸ்கோபி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே சரியான அளவுகோல் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வுகள் வற்புறுத்துகின்றன. இரண்டாம் கொலனோஸ்கோபிக்கு அறந்தாங்கியிலிருந்தோ பொன்னமராவதியிலிருந்தோ திருச்சிக்கும் மதுரைக்கும் போக வேண்டிய ஒரு கூலித் தொழிலாளி, உடம்பு தேறிவிட்டதென்று போகாமலே இருந்துவிடுவதுதான் இயற்கை. எனவே மலத்திலோ ரத்தத்திலோ பார்த்துச் சொல்லக்கூடிய மலிவான சோதனை ஏதாவது கொலனோஸ்கோபிக்கு ஈடாகுமா என்று கேட்பது பெருநகர ஆய்வாளருக்குச் சுவையான கேள்வி. மாவட்ட மருத்துவருக்கு அன்றாடத் தேவை. மருந்து எத்தனை மாதம் என்ற கேள்விக்கும் தமிழ்நாட்டில்தான் ஒரு நல்ல விடை கிடைத்தது. சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம், வயிற்றுக் காசநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஆறு மாதச் சிகிச்சையையும் பன்னிரண்டு மாதச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. 1997இல் முடிவு வெளியானது: இரண்டு பிரிவிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணம், ஆறு மாதம் எந்த வகையிலும் குறைந்ததல்ல. பாதி வழியில் மருந்தை நிறுத்திவிடும் வழக்கமுள்ள சமூகத்தில் ஆறு மாதத்தை மிச்சப்படுத்துவது சின்ன விஷயம் இல்லை.

தடுப்பூசியைப் பார்த்தாலும் இதே ஒழுங்குதான். ரோட்டா வைரஸ் குழந்தைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்குவது. மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு மறுபடி கடும் பேதி வரவேயில்லை. தடுப்பூசித் திட்டங்களின் நம்பிக்கை அதில் வேரூன்றியது. ககன்தீப் காங் உள்ளிட்ட வேலூர்க் குழுவினர் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 373 குழந்தைகள் கடைசிவரை தங்கினர். 2011இல் வெளிவந்த முடிவு வேறாக இருந்தது: மூன்று முறை தொற்று வந்த பிறகும் பாதுகாப்பு 79 விழுக்காடுதான். ஆகவே, பிற்பாடு இந்தியத் தடுப்பு மருந்தான ரோட்டாவாக்கை டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, கடும் பேதியை ஏறத்தாழ 54 விழுக்காடு தடுத்தது என்ற முடிவு யாரையும் வியப்பில் ஆழ்த்தியிருக்காது. ஐரோப்பாவில் இதே வகை மருந்துகள் எண்பத்தைந்து, தொண்ணூறு என்று காட்டியவை. ஐம்பத்து நான்குதானே என்று உதறிவிடலாமா? நோய் மலிந்த இடத்தில் பாதியைத் தடுத்தாலும் காப்பாற்றப்படும் குழந்தைகள் அதிகம். 2016இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் மறு ஆண்டே தமிழ்நாட்டிலும் இவ்வகைச் சொட்டு மருந்து சேர்ந்தது சரியான முடிவு. இங்கே சோதிக்காமல் ஐரோப்பிய எண்ணை நம்பியிருந்தால், மருந்து கொடுத்த பிறகும் பேதி வருகிறதே என்று ஜனங்களின் நம்பிக்கை போயிருக்கும்.

உள்ளூர் ஆய்வு உலகத்துக்கும் கொடுத்திருக்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ், ரத்தக்குழாய் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் சர்க்கரை, உப்புக் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, காலரா சாவை முப்பது விழுக்காட்டிலிருந்து நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். அந்தக் கரைசலுக்கு ஒரு குறை: உயிரைக் காக்கும், பேதியைக் குறைக்காது. குழந்தைக்குப் போய்க்கொண்டே இருப்பதைப் பார்க்கும் தாய், இது வேலை செய்யவில்லை என்று வேறு மாத்திரை தேடுவாள். வேலூரில் பி. எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச்சேரும் மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்தார்கள். பெருங்குடல் பாக்டீரியா அதை நொதிக்கவைத்துக் கொழுப்பமிலங்களாக்கும். அவை உப்பையும், உப்போடு நீரையும் உள்ளிழுக்கும். 2000இல் வெளியான அந்தச் சோதனையில் காலரா நோயாளிகளின் பேதி அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. பேதி என்றால் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுக்கும் நம் வீடுகளுக்கு இது வினோதமாகப் படாது. ஆனால் வீட்டு வழக்கம் சரி என்று இதை வைத்துக் கைதட்டிக்கொள்ளவும் வேண்டாம். சோதிக்கப்பட்டது அளந்து எடுத்த ஒரு குறிப்பிட்ட மாவு, வெந்த அரிசிக் கஞ்சி அல்ல.

இங்கேதான் என் வாதத்துக்கு வலுவான மறுப்பு எழும். உள்ளூர், உள்ளூர் என்று சொல்லிக்கொண்டே போனால், உள்ளூரில் நம்பப்படுவதை எல்லாம் உண்மை என்று முத்திரை குத்துவதில் போய் முடியாதா? கீழாநெல்லியின் கதை இதற்கு நேரான சோதனை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாடெங்கும் உள்ள வைத்தியம். புதுக்கோட்டைப் பக்கத்து வயல் வரப்புகளிலும் மழை பெய்தால் அது தானாக முளைக்கும். 1988இல் தியாகராஜனும் சென்னை மருத்துவர்களும், ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கோடு சேர்ந்து, லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வைரஸை நீண்டநாள் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை முப்பது நாள் கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. தாய்லாந்திலும் நெதர்லாந்திலும் நியூசிலாந்திலும் மறுபடி செய்து பார்த்தார்கள். அந்த விளைவு வரவில்லை. செடியின் இனம் வேறு, மண் வேறு, பறித்த பருவம் வேறு என்று விளக்கங்கள் சொல்லப்பட்டன. இருக்கலாம். அப்படியானால் எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் பறித்த செடி வேலை செய்கிறது என்பதை நிலைநிறுத்தும் பொறுப்பு அதைச் சொல்பவருடையது. 2011இல் எல்லாச் சோதனைகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே சொன்னது.

இந்தக் கதையை நான் தோல்வியாகப் படிக்கவில்லை. ஊரே நம்பும் ஒன்றை எடுத்து, மருந்து உண்டவரையும் உண்ணாதவரையும் ஒப்பிட்டு, உலகம் மறுக்கக்கூடிய வடிவில் முன்வைத்தார்கள், உலகம் மறுத்தது. ஆய்வு என்பது இதுதான். வேறுபாடு நாட்டு வைத்தியருக்கும் டாக்டருக்கும் இடையில் இல்லை. ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கும் பார்க்காதவருக்கும் இடையில் இருக்கிறது. காமாலையில் ஒப்பீடு ஏன் இத்தனை முக்கியம் என்றால், தண்ணீரில் பரவும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். கர்ப்பிணிக்கு ஹெப்படைடிஸ் ஈ வந்தாலோ, குடியால் ஈரல் கெட்டவருக்குக் காமாலை வந்தாலோ அதே சில வாரங்கள் சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவே நிற்கும். அப்போது மோரும் செடியும் காலத்தைத் தின்றுவிடும்.

இன்னொரு மறுப்பு, ஏழைகளைச் சோதனை எலிகளாக்காதே என்பது. இது வெறும் கோஷம் இல்லை; நம் நாட்டில் ஒப்புதல் வாங்காமலும் புரியவைக்காமலும் நடந்த சோதனைகள் உண்டு. 2009 முதல் மருந்துச் சோதனைகளை முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயமானதும், 2019இல் புதிய விதிகள் வந்ததும் அந்த அனுபவத்தால்தான். ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இங்கே சோதிக்கப்படாத மருந்தை இங்குள்ளவருக்குக் கொடுப்பதும் ஒரு சோதனைதான். ஒப்புதல் இல்லாத, எழுதிவைக்கப்படாத, யாரும் முடிவு அறியாத சோதனை. 'கேஸ் மாத்திரை' என்று கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கப்படும் அமிலக் குறைப்பு மாத்திரைகளைவிட இதற்கு நல்ல சாட்சி இல்லை. நெஞ்செரிச்சல், ஏப்பம், வயிறு உப்புசம், பசியின்மை எல்லாவற்றுக்கும் ஒரே மாத்திரை. அமிலம் குறைந்தால் குடல் தொற்று எளிதாகும் என்பது தெரிந்த செய்தி. ஏற்கெனவே தொற்று மலிந்த ஊரில் அந்த ஆபத்து எவ்வளவு கூடுகிறது என்பது இங்கே அளக்க வேண்டிய விஷயம், இறக்குமதி செய்யக்கூடியது இல்லை. பல மாதம் அந்த மாத்திரையால் மூடிவைக்கப்பட்ட இரைப்பைப் புற்றும் உண்டு. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு 1980களில் தொடங்கியபோது ஆண்களிடையே முதலிடத்தில் நின்றது இரைப்பைப் புற்றுதான் என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: மாவட்ட மருத்துவமனையில் ஆளும் கருவியும் போதவில்லை, முதலில் எண்டோஸ்கோபி கொடுங்கள், ஆய்வு பிறகு. எண்டோஸ்கோபி வேண்டும்தான். ஆனால் நல்ல நோயறிதல் எப்போதும் கருவியில் தொடங்குவதில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியலினக் குடியிருப்பின் குழந்தைகள் காய்ச்சலும் பேதியுமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னதன் பேரில் ஊர்க்காரர்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோதுதான் அதில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரிந்தது. அதன் வழக்கும் அரசியலும் தனி. மருத்துவம் மட்டும் பார்த்தால், ஒரே இடத்திலிருந்து ஒரே நோயோடு சிலர் வருகிறார்கள் என்பதைக் கவனித்து, எந்தத் தண்ணீர் என்று கேட்டதே அங்கே நோயறிதல். அந்தக் கேள்வி ஒவ்வொரு பேதிக்கும் கேட்கப்பட்டு, எழுதப்பட்டு, எண்ணப்பட்டால் அதற்குப் பெயர் ஆய்வு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் நோய்க் கண்காணிப்புக்கு அனுப்பும் படிவங்களில் பேதிக்கும் காமாலைக்கும் கட்டங்கள் உள்ளன. கட்டத்தில் எண் விழுகிறது. எந்தத் தொட்டி, எந்த ஊருணி என்பது விழுவதில்லை. அதே மாதிரி, ரத்தப்போக்கோடு வருபவரை மூலம் என்று சொல்லி அனுப்புவதற்கு முன் உறையணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்த்தார்களா என்பதை ஓ.பி. சீட்டில் ஒரு வரியாக எழுதவைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மலக்குடல் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவை அந்த விரலுக்கே அகப்படும். கூச்சமும் கூட்டமும் அவசரமும் அதைத் தடுக்கின்றன. எத்தனை பேருக்குச் செய்யப்பட்டது, அதில் எத்தனை பேருக்கு நோய் பிடிபட்டது என்று ஓராண்டு எண்ணினாலே எந்த மருத்துவ இதழும் வாங்கிப் போடும் ஆய்வு ஒன்று கிடைக்கும்.

2017 முதல் புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவ மேற்படிப்பில் சேரும் ஒவ்வொருவரும் ஆய்வேடு ஒன்று எழுதியாக வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான விதி. பொன்னெழுத்துப் பொறித்த கெட்டி அட்டைக்குள் நூலக அலமாரிக்குப் போய்ச்சேரும் இவ்வேடுகளில் பெரும்பகுதி, வேறு எங்கோ செய்ததை ஐம்பது அறுபது பேரை வைத்துத் திரும்பச் செய்தவை. ஐம்பது பேரை வைத்து எந்தக் கேள்வியும் தீராது. தஞ்சை, திருச்சி, மதுரை, புதுக்கோட்டைக் கல்லூரிகள் ஒரே கேள்வியை ஒரே படிவத்தில் ஒரே ஆண்டில் எடுத்துக்கொண்டால் ஐம்பது இருநூறாகும். குடல் காசநோயைக் குரோனிலிருந்து பிரிக்கும் மலிவான சோதனை, கேஸ் மாத்திரையை நிறுத்தும் வழி, மூலம் என்று சொல்லப்பட்டவர்களில் புற்று உள்ளவர் பங்கு, ஊருணித் தண்ணீருக்கும் பேதிக்கும் உள்ள கணக்கு: நான்கு கேள்விகள் கைவசம் இருக்கின்றன. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அடுத்த கல்வியாண்டுக்கு ஆய்வுத் தலைப்புகளை அனுமதிக்கும்போது இவற்றில் ஒன்றையாவது நான்கு கல்லூரிகளுக்கும் பொதுவாகக் கொடுக்க வேண்டும்.